கருப்பைவாய்ப் புற்றுநோய்: காரணமும் தடுப்பும்

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகத் தோன்றியது. ஏறத்தாழ 80,000 பேர் அந்நோயால் மாண்டனர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடாகும். காரணம் தெளிவாக அறியப்பட்ட, பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய் இது என்பதே வேதனைக்குரியது.

மூல காரணம்

அனேகமாக எல்லா நேர்வுகளிலும் இந்நோய்க்கு அடிப்படை மனித பாப்பிலோமா வைரஸ் ஆகும். இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வைரசின் 16, 18ஆம் வகைகளே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணமாகின்றன. உடலுறவின் வழியே பரவும் இத்தொற்று மிகப் பரவலானது. எனவே இதை ஒழுக்கக் குறைவின் அடையாளமாகக் கருதுவது தவறு. பெரும்பாலோரிடம் இது தானாகவே மறைந்துவிடுகிறது. மறையாமல் நிலைத்துவிடும் சிலரிடம் மட்டுமே 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது.

துணைக் காரணிகள்

புகைபிடித்தல், எச்.ஐ.வி. தொற்றினால் குன்றிய நோய் எதிர்ப்பாற்றல், இளம் வயதிலேயே தாய்மை, பல பிரசவங்கள், கருத்தடை மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்ளுதல் ஆகியவை தொற்று நிலைப்பதற்கோ புற்றாக மாறுவதற்கோ துணைபுரிகின்றன.

திண்டுக்கல் காட்டிய வழி

நோய் முதிர இத்தனை ஆண்டுகள் ஆவதால், இடையில் கண்டுபிடித்துக் குணப்படுத்த இயலும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்மையாக மாறும் பகுதியைக் கண்ணால் பார்த்தே மாற்றங்களை அறிந்தனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே, மற்றவர்களைவிட நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

சேவை நாடிச் செல்லட்டும்

தொடக்கத்தில் இந்நோய் வலி தருவதில்லை. ஆகவே கூச்சமும், ஒருநாள் கூலி இழப்பும், பயணமும் பெண்களைத் தடுக்கின்றன. கொச்சியின் வல்லார்பாடம் தீவு 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்களால் எர்ணாகுளத்துடன் இணைந்தபோது, தீவினர் படகை நம்பியிருந்த நிலை மாறியது. பாலம் தூரத்தைக் குறைக்கும். வலியே இல்லாத பெண்ணை அது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாது. சோதனைதான் அவளது ஊர் துணை சுகாதார நிலையத்தை அடைதல் வேண்டும்.

30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சோதனை என 2016ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் நெறி வகுத்தது. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குத் தடுப்பூசியும், தாய்மாருக்குச் சோதனையும் சேர்ந்தே கிடைக்குமாயின் இந்நோயை வெல்லுதல் இயலும்.