நீருக்கடியில் துப்பாக்கி வெடிக்குமா?

திரைப்படங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. துரத்தப்படும் ஒருவன் ஆற்றில் குதிக்கிறான். கரையில் நிற்பவர்கள் நீரை நோக்கிச் சுடுகின்றனர். குண்டுகள் வெண்ணிறக் கோடுகளாக நெடுந்தூரம் நீரைக் கிழித்துச் செல்கின்றன. இக்காட்சி உண்மைக்குப் பொருந்துமா, நீருக்குள் மூழ்கிய துப்பாக்கியே வெடிக்குமா என்று மாணவர் கேட்டால் என்ன விடை கூறுவோம்? “நீருக்குள் காற்று இல்லை, காற்றில்லாமல் நெருப்பு எரியாது, ஆகவே துப்பாக்கி வெடிக்காது” என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் விடை. அது பிழையான விடை. அப்பிழை எங்கே பிறக்கிறது என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா, குண்டு என்னும் இரண்டையும் பேச்சில் ஒன்றாகவே வழங்குகிறோம். தோட்டா என்பது முழுத் தொகுதி. பித்தளை உறை, அதனுள் வெடிமருந்து, அடியில் தீமூட்டும் சிறு மூடி, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலைவிட்டு வெளியேறிப் பாய்வது குண்டு மட்டுமே. அதுபோல வெடித்தலும் சுடுதலும் வேறு வேறு. மருந்து எரிந்து குண்டைத் தள்ளுவது வெடித்தல். அக்குண்டு இலக்கை எட்டுவதே சுடுதலின் பயன். ஆகவே நம் முன் உள்ளவை இரண்டு வினாக்கள்.

முதல் வினா, வெடிக்குமா என்பது. எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் சுடர் அணைந்துவிடும். இச்சோதனையைத் தொடக்கப்பள்ளியிலேயே செய்து பார்க்கிறோம். எரிதலுக்கு உயிர்வளி தேவை என்பதே அது உணர்த்தும் பாடம். அந்த உயிர்வளி காற்றிலிருந்துதான் வரவேண்டும் என்று சோதனை கூறவில்லை. நாமே அவ்வாறு சேர்த்துக்கொள்கிறோம். பழைய கருமருந்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு, 15 விழுக்காடு கரி, 10 விழுக்காடு கந்தகம். வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட் தன்னுள் உயிர்வளியைக் கொண்டுள்ளது. இன்றைய தோட்டாக்களில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மருந்தின் மூலக்கூற்றிலேயே உயிர்வளி அமைந்திருக்கிறது. தீமூட்டும் மூடிக்கும் வெளிக்காற்று வேண்டியதில்லை. ஆகவே நீர் உட்புகாதபடி இறுக மூடிய நல்ல தோட்டா நீருக்கடியிலும் வெடிக்கும். மருந்தைத் திறந்த கிண்ணியில் இட்டுத் திரியால் பற்றவைத்த பழங்காலத் துப்பாக்கிகள் மழையில் பயனற்றுப் போனதற்குக் காரணம் காற்றின்மை அன்று, மருந்து நனைந்ததே.

இரண்டாம் வினா, குண்டு எவ்வளவு தொலைவு செல்லும் என்பது. நீரின் அடர்த்தி காற்றினுடையதைப் போல ஏறத்தாழ 800 மடங்கு. பாயும் பொருளை எதிர்க்கும் விசை ஊடகத்தின் அடர்த்திக்கு ஏற்பவும், வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் வளர்கிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எனவே நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டைத்தான் நீர் மிகக் கடுமையாகத் தடுக்கிறது. மேலும், குழலின் உட்புறச் சுழல்வரிகள் குண்டுக்குத் தரும் சுழற்சி காற்றில் அதனை நேராகச் செலுத்தப் போதுமானது, நீரில் போதாது. குண்டு பக்கவாட்டில் திரும்புகிறது. எதிர்ப்பு இன்னும் பெருகுகிறது.

நார்வே நாட்டு இயற்பியலாளர் ஆண்ட்ரியாஸ் வால் 2016இல் நீச்சல்குளத்தில் மூழ்கிநின்று, தம்மை நோக்கிப் பொருத்திய துப்பாக்கியைக் கயிற்றால் இயக்கினார். அது வெடித்தது, குண்டோ அவரை எட்டாமல் அடியில் விழுந்தது. அமெரிக்காவின் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி 2005இல் குளத்து நீருக்குள் சுட்டுப் பார்த்தபோது, மிகுவேகக் குண்டுகள் ஒரு மீட்டருக்குள் சிதறின. வேகம் குறைந்த கைத்துப்பாக்கிக் குண்டுகளே அவற்றினும் ஆழமாகச் சென்றன.

இதனைக் கேட்டு நீர் எப்போதும் காக்கும் என்று எவரும் முடிவுகட்டலாகாது. தட்டைக்கல் குளத்தின்மேல் தத்திச் செல்வதுபோல், தாழ்ந்த கோணத்தில் நீர்ப்பரப்பைத் தொடும் குண்டு தெறித்துக் கரையில் நிற்பவரைத் தாக்கக்கூடும். நீர் நிறைந்த குழலில் குண்டு தன் முன்னுள்ள நீர் முழுவதையும் தள்ள வேண்டியிருப்பதால் அழுத்தம் மிகுந்து குழலே பிளக்கவும் கூடும். வால் செய்தது பிறர் செய்து பார்ப்பதற்கு உரியதன்று.

நீருக்கடியில் பயன்படுத்துவதற்கென்றே துப்பாக்கி செய்தவர்களும் உளர். சோவியத் ஒன்றியம் 1970களில் எஸ்.பி.பி.-1 என்னும் கைத்துப்பாக்கியையும் ஏ.பி.எஸ். என்னும் துப்பாக்கியையும் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காக உருவாக்கியது. அவற்றின் குண்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு அம்பு. அதன் மழுங்கிய முனை நீரை விலக்கித் தன்னைச் சூழ ஒரு குமிழியை உண்டாக்குகிறது. அக்குமிழிக்குள் அம்பு நேராகச் செல்கிறது. ஆழம் 10 மீட்டர் கூடுந்தோறும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால் குமிழி விரைவில் ஒடுங்கிவிடும். ஆகவே 5 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் வரை பயன்தரும் ஏ.பி.எஸ்., 40 மீட்டர் ஆழத்தில் 11 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது.

நீரின் இதே தடை நீதிக்கும் துணைநிற்கிறது. தடயவியல் கூடங்களில் ஐயத்திற்குரிய துப்பாக்கியை நீர்த்தொட்டிக்குள் சுடுகின்றனர். குண்டு சிதையாமல் கிடைக்கிறது. அதன்மேல் பதிந்த சுழல்வரித் தடங்களைக் குற்றக்களத்தில் கிடைத்த குண்டோடு ஒப்பிடுகின்றனர்.

இனி வகுப்பறைக்கு வருவோம். “எரிவதற்குக் காற்று தேவை” என்று எழுதுவதற்கும் “எரிவதற்கு உயிர்வளி தேவை” என்று எழுதுவதற்கும் இடையே உள்ளது ஒரே சொல்லின் வேறுபாடு. முதல் தொடரை மனப்பாடம் செய்த மாணவர் நீருக்கடியில் வெடிக்கும் தோட்டாவைக் கண்டு திகைப்பார். காற்றே இல்லாத விண்வெளியில் ஏவூர்தி எரிபொருள் எரிவதையும் அவரால் விளக்க முடியாது. இரண்டாம் தொடரைக் கற்றவர், “அந்த உயிர்வளி எங்கிருந்து வருகிறது?” என்று அடுத்த வினாவைத் தாமே எழுப்புவார். தமிழில் அறிவியல் கற்பிக்கும் நாம் சொல்லைத் தேர்ந்து ஆள வேண்டியது அதன் பொருட்டே.