கொதி வந்த பின்னும் எரியும் அடுப்பு

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்ததாகும். அரிசி, பலசரக்கு, மருந்துச் சரக்கு, பாத்திரம் என நகரத்தின் அடுக்களைகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் இங்கிருந்தே சென்றன, இன்றும் செல்கின்றன. வணிகர்களில் தமிழர் பலர். தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் இத்தெருவில் கடை நடத்தியவாறே இத்தெருவைக் கதைகளாக்கினார். ஒரு குடும்பம் எதைச் சமைக்கிறது, எதில் சமைக்கிறது என்பதைச் சாலையை ஒரு முறை நடந்து கடந்தால் ஓரளவு அறியலாம். சமைக்கும்போது எவ்வளவு எரிபொருளை வீணாக்குகிறது என்பதை எந்தக் கடையும் காட்டாது.

ஆண்டில் ஒரு நாள் இந்தத் தெருவே அடுக்களையாகி விடுகிறது. கும்ப மாதத்துப் பூர நாளில், அருகிலுள்ள ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கலைக்காக இலட்சக்கணக்கான பெண்கள் நகர வீதிகளில் மூன்று செங்கல்களை வைத்து, தென்னையின் கொதும்பும் மட்டையும் எரித்துப் பொங்கலிடுகின்றனர். அது வழிபாடு, அங்கே சிக்கனம் பேசுவது முறையன்று. ஆனால் அதே மூன்று கல் அடுப்பு, வீட்டின் பின்புறத்தில் ஆண்டு முழுவதும் எரியும்போது அது பொருளாதாரப் பிரச்சினையாகிறது. இத்தகைய திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சியது காற்றோடு போகிறது; புகை, அடுப்பருகே இருப்பவரின் நுரையீரலுக்குப் போகிறது.

இந்த இழப்பைக் குறைக்க 1980களில் இரு முயற்சிகள் நடந்தன. நடுவண் அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை மேற்கொண்டது. 2002இல் அது மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கேரளத்தில், 1962இல் தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், புகைபோக்கியுடன் கூடிய 'பரிஷத் அடுப்பு' ஒன்றை உருவாக்கி வீடுவீடாகப் பரப்பிற்று. நாட்டின் பிற பகுதிகளில் நிறுவப்பட்ட அடுப்புகள் பல பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டன. கேரளத்தில் அமைப்பின் தொண்டர்கள் பயன்படுத்தும் முறையையும் கற்பித்ததால் பரிஷத் அடுப்பு நிலைத்தது என்பது என் கருத்து. எனினும் அடுப்பைத் திருத்துவது பாதி வேலையே. மறு பாதி பாத்திரத்துக்குள் இருக்கிறது.

வெப்பத்தின் கணக்கு

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. குழாய்நீர் 27 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், அதைக் கொதிநிலைக்குக் கொண்டு செல்ல 73 கிலோ கலோரி போதும். அதே லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் அதிகம். கொதி வந்த பிறகு சுடரைப் பெரிதாக வைத்தாலும் நீரின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகவே சோறு விரைந்து வேவதுமில்லை. மிகையாக எரியும் எரிபொருள் அனைத்தும் நீராவியாகவே வெளியேறுகிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று நாம் படித்த பாடம் நாள்தோறும் சோற்றுப் பானையின் வாயிலிருந்து வெளியேறிக் கொண்டிருக்கிறது.

இதைக் கேரளத்துச் சோற்றோடு பொருத்திப் பார்ப்போம். இங்கு விரும்பி உண்ணப்படும் தடித்த, சிவந்த புழுங்கல் அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும். நிறைய நீரில் வேக வைத்துக் கஞ்சியை வடிப்பதே வழக்கம். ஒரு கிலோ அரிசியும் ஐந்து லிட்டர் நீரும் கொதி வர ஏறத்தாழ 400 கிலோ கலோரி வேண்டும். இந்தியத் தரவரையறையின்படி வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு. ஒரு கிலோ எரிவாயு தரும் வெப்பத்தை 10,900 கிலோ கலோரி என்று கொண்டால், இதற்குச் செலவாவது சுமார் 54 கிராம் எரிவாயு. பின்னர் 40 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு லிட்டர் நீர் வற்றிப்போனால், அந்த ஆவிக்கு மட்டும் 73 கிராம். பானை முழுவதையும் கொதிக்க வைத்ததைவிட, கொதித்த பானையை 'வேடிக்கை பார்த்ததற்கு' ஆன செலவு கூடுதல்! சுடரைக் குறைத்து மூடியிட்டாலே இதில் பெரும் பகுதி மிஞ்சும்.

சூடாறாப்பெட்டி

சோறு வேக வேண்டுவது புதிய வெப்பம் அன்று. ஏற்கெனவே உள்ள வெப்பம் தணியாதிருப்பதே. இதை விறகடுப்புக் காலத்தவர் அறிந்திருந்தனர். கொதித்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டுப் பானையைத் தணலில் விடுவார்கள். எரிவாயு அடுப்பில் தணல் இல்லாததால் அந்தப் பழக்கமும் மறைந்தது.

அதற்கு மாற்றாகப் பரிஷத் அமைப்பு பரப்பியதே சூடாறாப்பெட்டி. 1987இல் பாலக்காடு மாவட்டம் முண்டூரில் பரிஷத் நிறுவிய ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் இதனையும் தன் பணிகளில் ஒன்றாகக் கொண்டது. இது வெப்பம் கடத்தாத தெர்மோகோல் போன்ற பொருளை உட்புறம் பொதிந்த பெட்டி, அவ்வளவே. அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்துவிட்டால், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் தானாக வெந்திருக்கும். போர்க்கால ஐரோப்பாவில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வைக்கோல் திணித்த பெட்டிகள் இதே பணியைச் செய்தன. இன்று எஃகுப் பாத்திரத்தோடு கூடிய 'தெர்மல் குக்கர்' கேரளப் பாத்திரக் கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது, கொள்கை ஒன்றே.

மேற்கண்ட கணக்கின்படி, 40 நிமிடக் கொதியைப் பத்தாகக் குறைத்தால் நாளொன்றுக்கு 55 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எரிவாயு மிச்சமாகும். இது 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அரை மணி நேரம் மிச்சமாவதை நம் தேசியக் கணக்குகள் எந்தத் தலைப்பிலும் சேர்ப்பதில்லை.

குறைகளும் உண்டு. முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திராவிடில் சூடு நிற்காது. இடையிடையே திறந்து பார்க்கலாகாது. சோற்றை இரவெல்லாம் அதிலேயே விட்டுவிடுவதும் தவறு. 60 டிகிரிக்குக் கீழே ஆறிய சோற்றில் நுண்ணுயிர்கள் பெருகும். பயறு, கடலை முதலியவற்றுக்கு முன்னிரவில் ஊறவைத்தலும் அழுத்தக் கொதிகலனும் இதைவிடப் பொருத்தமானவை. அழுத்தக் கொதிகலனிலும் முதல் விசில் வந்தபின் சுடரைக் குறைப்பதே முறை. ஒவ்வொரு விசிலும் வெளியேறும் ஆவியே.

குடிநீரும் குளிநீரும்

கேரள இல்லங்களில் குடிநீரைக் காய்ச்சுவது ஊறிப்போன நல்வழக்கம். சாலையின் மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்கிய பதிமுகமோ கருங்காலியோ, இல்லையேல் சீரகமோ இட்டு, நிறம் இறங்கும் வரை கொதிக்கவிடுவர். நீர் நன்கு கொப்பளித்துக் கொதித்தவுடன் இறக்கி, மூடி, தானே ஆறவிட்டால் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கடல்மட்டத்தை ஒட்டிய இந்நகரில் பத்து நிமிடம் தொடர்ந்து கொதிக்கவிடுவதால் நோய்த்தடுப்பு கூடுவதில்லை. ஐந்து லிட்டரில் கால் லிட்டர் வற்றினாலும் 135 கிலோ கலோரி வீண். கொதி வரச் செலவானதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பதிமுகத்தை அடுப்பை அணைத்த பின் இட்டாலும் நிறம் இறங்கும்.

குளிக்க வெந்நீர் இங்கு வடநாட்டைப் போல் இன்றியமையாததன்று. குழந்தைகள், முதியோர், நோயாளிகள், எண்ணெய் தேய்ப்போர் ஆகியோருக்கே பெரிதும் வேண்டும். இருபது லிட்டரை 27இலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 260 கிலோ கலோரி போதும். மின்சாரத்தில் இது 0.3 யூனிட், திறந்த விறகடுப்பில் முக்கால் கிலோ விறகு. நாள் முழுவதும் இணைப்பிலேயே விடப்படும் மின் கொதிகலன், எவரும் குளிக்காத வேளையிலும் ஆறிய வெப்பத்தை ஈடுசெய்து கொண்டிருக்கும். அதிலும் மாலை உச்சநேரத்தில் இதை இயக்குவது மின்வாரியத்துக்கும் சுமை. 1986இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட அனெர்ட் அமைப்பு பரப்பிவரும் சூரிய வெந்நீர்க் கருவி, கூரை உள்ளோருக்கு நல்ல தீர்வு. வாடகை வீட்டாருக்கு அன்று.

சிலிண்டர் எத்தனை நாள்?

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்காலம் முதல் சமையல் சிக்கனம் பற்றித் துண்டறிக்கைகள் பல வெளிவந்துள்ளன. இத்தகைய அறிக்கைகளில் பத்து அறிவுரைகள் சம எடையில் அடுக்கப்பட்டிருக்கும். இல்லத்தரசியோ ஒன்றைத்தான் நினைவில் கொள்வார். அது எது என்று எழுதியவர் தேர்ந்து சொல்வதில்லை. என்னைக் கேட்டால், கொதி வந்தவுடன் சுடரைக் குறை என்பதே அந்த ஒன்று.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின் எரிவாயு இணைப்பு ஏழை இல்லங்களையும் எட்டியது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தூய எரிபொருளால் சமைக்கும் குடும்பங்கள் நாட்டில் 58.6 விழுக்காடே; கேரளத்தில் ஏறத்தாழ 72. இணைப்பு உள்ள வீட்டிலும் தேநீருக்கும் குழம்புக்கும் எரிவாயு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்ற பிரிவினை நீடிக்கிறது. நெடுநேரம் எரியும் அடுப்புக்குச் சிலிண்டர் கட்டுப்படியாகாது என்ற அச்சமே காரணம். நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இறக்குமதியாகும் நிலையில், அவ்வில்லங்களுக்கு மானியத்தை உயர்த்திக்கொண்டே செல்வது எளிதன்று. சோறு வேகும் செலவைப் பாதியாக்கும் ஒரு பெட்டியை இணைப்போடு சேர்த்து வழங்குவது அதைவிட மலிவானது. இத்துறை அலுவலர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மாணவர்கள் தம் வீட்டிலேயே அளந்தறியலாம். சோற்றுக்கு விடும் நீரை அளந்து விட்டு, வடித்த கஞ்சியையும் அளந்து, இரு வாரம் குறித்து வரவேண்டும். சோறு உறிஞ்சியது நாள்தோறும் ஒரே அளவாதலால், நாளுக்கு நாள் தோன்றும் வேறுபாடு ஆவியாய்ப் போனதே. சிலிண்டர் மாட்டிய தேதியைச் சுவர் நாள்காட்டியில் எழுதி வைத்தால், அடுத்த சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வந்தது என்பது வீட்டில் பணம் கொடுப்பவருக்கும் தெரியவரும்.