நெட் வரவில்லையா? கோபப்படுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்!

மின்சாரம் போனால் விசிறியை எடுத்துக் கொண்டு பொறுமையாக உட்காருகிறோம். இணையம் போனால் மட்டும் பொறுக்க முடிவதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. மூத்த மகன் மாடியில் இருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறான். மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக் கொண்டிருக்கிறாள். இன்றுதான் கடைசி நாள். அந்த நேரம் பார்த்து, "இணைப்பு இல்லை" என்கிறது கம்ப்யூட்டர்!

உடனே வீட்டில் என்ன நடக்கிறது? "சின்னவன் விளையாடியே கெடுத்து விட்டான்" என்று அம்மா திட்டுகிறார். "புதுப் பெட்டிதான் வாங்க வேண்டும்" என்று அப்பா பணத்தை எண்ணுகிறார்.

இரண்டுமே அவசர முடிவு. பழுது ஒரு கேபிளில் இருக்கலாம். ஒரு பிளக்கில் இருக்கலாம். வரிசையாகப் பார்த்துக் கொண்டு போனால், வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடித்து விடலாம். எப்படி?

இரண்டு பெட்டிகள்

வெளியில் இருந்து வரும் இணையத்தை வாங்கி வீட்டுக்குள் கொடுப்பது ரூட்டர். அதில் கேபிள் செருகும் துளைகள் சிலவே இருக்கும். அவை போதாத வீட்டில் இன்னொரு சிறிய பெட்டியை இணைக்கிறார்கள். அதற்குப் பெயர் சுவிட்ச். தட்டினால் விளக்கு எரியுமே, அந்தச் சுவிட்ச் அல்ல! இது 5 அல்லது 8 துளைகள் உள்ள பெட்டி.

ரூட்டரை தபாலாபீஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் கொடுப்பது அதுதான். சுவிட்ச், தெருத் தபால்காரர். எந்தக் கதவில் யார் இருக்கிறார் என்று நினைவில் வைத்து, அவரவர் தபாலை அவரவரிடம் சேர்க்கும். ஆனால் கதவு எண் கொடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

இந்தச் சுவிட்சுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. பல துளைகள் கொண்ட முதல் சுவிட்சை 1990-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்த கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? "கல்பனா"! அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளியினர். தம் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்.

முதல் கேள்வி: பழுது உள்ளேயா, வெளியேயா?

ரூட்டர் பக்கத்தில் நின்று, செல்போனில் வைஃபை மூலம் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்து விடுங்கள். இல்லாவிட்டால் போன் தன் சொந்த இணைப்பில் வேலை செய்யும். ரூட்டர் நன்றாக இருப்பதாக நீங்கள் ஏமாந்து போவீர்கள்!

போனிலும் வரவில்லையா? ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீடுகளில், பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்களின் அருகே சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியில் இருந்து வரும் ஒளி உள்ளே வந்து சேரவில்லை என்று பொருள். இழை மடங்கியோ அறுந்தோ இருக்கலாம். இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

போனில் வருகிறது, மாடியில் மட்டும் வரவில்லை என்றால், பழுது வீட்டுக்குள் இருக்கிறது. இனி நம் வேலை.

விளக்கு பேசும்

சுவிட்சில் மின்சார விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பிளக்கையும் அடாப்டரையும் பாருங்கள். வேறு அடாப்டரை மாற்றிப் போடுவதாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 5 வோல்ட் கேட்கும் பெட்டியில் 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி புகைந்து விடக் கூடும்.

அடுத்து, கேபிள் செருகிய ஒவ்வொரு துளைக்கும் உரிய சிறு விளக்கைப் பாருங்கள். இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் ஓடிக் கொண்டிருந்தும் விளக்கு எரியவில்லையா? அந்தக் கேபிளைக் கழற்றி, "டக்" என்று சத்தம் கேட்கும்படி அழுத்திச் செருகுங்கள். முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால் கேபிள் துளையில் நிற்காது. தானே நழுவி விடும்.

பிறகு வேறு துளையில் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா? நன்றாக இருக்கும் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

விளக்கு எரிகிறது, நெட் இல்லை!

கம்ப்யூட்டரில் அதன் கதவு எண்ணைப் பாருங்கள். அதை ஐ.பி. முகவரி என்பார்கள். 169.254 என்று தொடங்கினால், தபாலாபீஸில் இருந்து எண் வரவில்லை. கம்ப்யூட்டர் தானே ஒரு எண்ணைப் போட்டுக் கொண்டது என்று அர்த்தம். ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள கேபிளை முதலில் சந்தேகியுங்கள்.

நெட் வருகிறது, ஆனால் ஆமை வேகமா? கேபிளுக்குள் 8 மெல்லிய கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட் வேகத்துக்கு 4 கம்பிகள் போதும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் விழுந்து விடலாம். எலி கடித்ததா, கதவு இடுக்கில் நசுங்கியதா என்று பாருங்கள்.

வீடு முழுவதும் நின்று போனால்

சுவிட்சை இணைத்ததும் எல்லா விளக்கும் வெறி பிடித்தது போல் மின்னுகிறதா? வைஃபை கூடப் படுத்து விட்டதா? ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் அதே சுவிட்சில் செருகப்பட்டிருக்கலாம். வீட்டைப் பெருக்கும் போது தொங்கிய முனையைக் கண்டு யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருப்பார்கள்! செய்தி வெளியே போக வழியின்றிச் செக்கு மாடு போல் சுற்றிச் சுற்றி வந்து, பாதையையே அடைத்து விடும்.

இந்தத் தொல்லைக்கு 1985-ஆம் ஆண்டிலேயே வழி கண்டவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. பெரிய அலுவலகச் சுவிட்சுகளில் அந்த ஏற்பாடு உண்டு. வீட்டுக்கு வாங்கும் விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அது இல்லை.

எனவே சுவிட்சில் உள்ள எல்லாக் கேபிள்களையும் கழற்றுங்கள். ரூட்டரில் இருந்து வரும் கேபிளை மட்டும் முதலில் செருகுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எதைச் செருகியதும் தொல்லை திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி!

கடைசிச் சோதனை

இன்னும் சரியாகவில்லையா? சுவிட்சை ரூட்டர் பக்கத்துக்கே எடுத்து வந்து, நல்ல குட்டைக் கேபிளால் இணையுங்கள். அங்கே வேலை செய்தால் சுவிட்ச் நல்லது. சுவரோரம் போகும் நீளக் கேபிள்தான் கெட்டது. அங்கேயும் வேலை செய்யாவிட்டால் மட்டும் புதுச் சுவிட்ச் வாங்குங்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி மணி நேரம் என்றால், இந்தச் சோதனை எல்லாம் பிறகு. செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மகளின் விண்ணப்பத்தை முதலில் அனுப்பி விடுங்கள்.

சின்னவனைத் திட்டுவானேன்? அவனையும் கூப்பிட்டு, விளக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை நெட் நின்றால், அவனே சரி செய்து விடுவான்!