ஐந்தில் மூன்று

சுவிசில் பனி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டால் பளையில் இருக்கிற தாய் தொலைபேசியில் கேட்பது, "ரோட்டு வழுக்காதோ, கார் கவனமாய் ஓடு ராசா" என்பதுதான். மலைச்சரிவு அவர் பயத்தில் இல்லை. எண்பதுகளில் இங்கிருந்து சுவிசுக்குப் போனவர்களில் பலர் உணவகச் சமையலறைகளில் நின்று தேய்ந்தவர்கள்; அவர்களுக்கு மலை யன்னலுக்கு வெளியே தெரிந்ததோடு சரி. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் வேறு மாதிரி. பள்ளிக்கூடமே அவர்களைப் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப் போகிறது. சறுக்கு கைவந்தபின் சிலருக்குக் கம்பு நட்ட பாதை சலித்துவிடுகிறது. யாரும் மிதிக்காத சரிவைத் தேடுகிறார்கள்.

இன்று பனிச்சரிவில் ஆள் சாவது பெரும்பாலும் அங்கேதான். 1950–51 குளிர்காலத்தில் சுவிசில் 98 பேரைப் பனிச்சரிவு கொன்றது. அதில் வீட்டுக்குள் இருந்தவர்களும் அடக்கம். பிறகு மலைமுகட்டில் இரும்பு வேலி அடித்தார்கள், காட்டைக் காத்தார்கள். ஊர்கள் ஓரளவு தப்பின. இன்றும் ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்கு மேற்பட்டோர் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோரைப் புதைத்த சரிவு அவர்களோ கூட வந்தவர்களோ மிதித்துக் கிளப்பியது.

கண்ணுக்கு வெள்ளையாய் ஒரே பாயாய்த் தெரிவது உண்மையில் படைபடையாய்க் கிடக்கிறது. ஒவ்வொரு பனிமழையும் ஒரு படை. கார்த்திகை, மார்கழியில் மெல்லியதாய் விழுந்த பனிதான் வில்லங்கம். அடியில் நிலம் பூச்சியப் பாகைக்குக் கிட்ட இருக்கும், மேலே தெளிந்த இரவின் கடுங்குளிர். இடையில் ஈரப்பதன் ஆவியாய் ஏறிப் பனித்துகள்களைக் கோணல்மாணலான பரல்களாக மாற்றிவிடும். மருதங்கேணிக் கடற்கரையின் காய்ந்த மணலைப் போல அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும், ஒன்றோடொன்று ஒட்டாது. தை மாதம் அதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த இறுகிய பலகை குந்துகிறது. முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வு என்றால் ஒருவரின் பாரமே போதும். கீழ்ப்படை நொறுங்க, பலகை முழுதாய்க் கழன்று வரும். பனி குறைந்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மெல்லிய பனியில்தான் இந்தப் பரல் நன்றாய் வளர்கிறது.

விசயம் தெரிந்தவர்கள் மண்வெட்டியால் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். முப்பது சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு தூணைச் செதுக்கி, மண்வெட்டித் தகட்டை மேலே வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முதல் சில தட்டிலேயே நடுவில் நேர்கோடாய் வெட்டுண்டு வழுக்கினால் திரும்பி வர வேண்டியதுதான். சில வேளை குழியே தேவையில்லை. கால் வைத்ததும் பனிக்குள் "வும்" என்று ஒரு சத்தம் கேட்கும். கீழ்ப்படை இறங்கிவிட்டது என்று அர்த்தம். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதன்பின் வாய்ப்பு சரசரவென்று விழுகிறது. ஹெலிகொப்டர் அதற்குள் வராது, கூட நிற்பவர்தான் தோண்ட வேண்டும்.

எல்லோரும் குழி வெட்டப்போவதில்லை. அதற்காகத்தான் டாவோசில் இருக்கும் பனி ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலம் முழுக்க மாலை ஐந்து மணிக்கு அறிக்கை விடுகிறது. பளையில் அப்போது இரவு ஒன்பதரை. ஆபத்துக்கு 1993 முதல் ஐரோப்பாவுக்கே பொதுவான ஐந்து படி: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். என் தலையைக் குடைவது அந்த மூன்றாம் படி. நான்கு, ஐந்து என்றால் பயந்து வீட்டில் இருப்பார்கள். மூன்று என்றால் ஐந்தில் நடு, பரீட்சையில் பாஸ் மாதிரித்தானே என்று கிளம்புவார்கள். சாவில் ஏறத்தாழ பாதி இந்த மூன்றாம் படி நாட்களில்தான். படி ஒவ்வொன்று ஏறும்போதும் ஆபத்து ஒன்றால் கூடுவதில்லை, மடங்காய்ப் பெருகுகிறது. எண் ஒரு பிரதேசத்துக்குத்தான், சரிவைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று மலை வழிகாட்டிகள் சொல்வார்கள். சரி. ஆனால் வழிகாட்டி கூட வராத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எண்தான் கையில் இருக்கிறது.

பனியை விடுங்கள், இங்கும் மலை சரிகிறது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இன்றும் பதுளையிலும் நுவரெலியாவிலும் சொந்தம் இருக்கிறது. 2014 ஒக்ரோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைகளைச் சரித்தது. இலங்கை முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சரிவு எச்சரிக்கைக்கு இங்கே மூன்று படி: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, வெளியேற வேண்டும். இங்கும் அதே நடுப்படி நோய். செம்மஞ்சள் என்றால் "இன்னும் சிவப்பு வரயில்லைத்தானே" என்று பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. சிவப்புக்கு 150 வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் அது சிவப்புத்தான்.