நாலு ஜாக்கி மலையேறிய கதை

எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் பந்தி முடிந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். பெரியவர்கள் ரம்மிக்கு உட்காருவதற்குள் ஒரு பத்து நிமிடம் கட்டு என் கையில் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. கைவேகம் வேண்டாம், விசேஷச் சீட்டும் வேண்டாம். இருபது வருஷமாக அதையேதான் செய்கிறேன். ரகசியத்தை யாருக்கும் சொன்னதில்லை. கொஞ்ச நாள் முன்பு என் மாமாவுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வித்தை.

பார்க்கிறவர்களுக்குத் தெரிவது

நான்கு ஜாக்கிகளை விசிறி மாதிரி விரித்துக் காட்டுவேன். "இவங்க நாலு பேரும் சிநேகிதங்க. திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகு பார்க்க வந்திருக்காங்க."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் ஊர் மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, வைக்கிற சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். பறவை ஆர்வலர்கள் மஞ்சள்முகப் பாறு என்று சொல்கிற இனம். 1990களின் பிற்பகுதியோடு அவற்றின் வருகை நின்றுபோனது. என் வயதுக்காரர்கள் சின்ன வயதில் பார்த்திருப்பார்கள்.

கட்டுதான் மலை. நான்கு சீட்டையும் சேர்த்துக் கட்டின் மேல் கவிழ்த்து வைப்பேன். "நாலு பேரும் காலையிலேயே உச்சிக்குப் போயிட்டாங்க. கழுகு வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. முதல் ஆளுக்குப் பசி, டிபன் சாப்பிட அடிவாரத்துக்கே இறங்கிட்டான்." மேல் சீட்டை எடுத்துக் கட்டின் அடியில் வைப்பேன். "ரெண்டாவது ஆளுக்கு ஒருக்கல் மண்டபம் பார்க்கணும்." அடுத்த சீட்டு நடுவில் போகும். "மூணாமவனுக்கு முட்டிவலி, இறங்கும்போதே வழியில உட்கார்ந்துட்டான்." அது இன்னும் கொஞ்சம் மேலே. "நாலாவது ஆள் மட்டும் இடத்தை விட்டு அசையல. இதோ பாருங்க." மேல் சீட்டைத் திருப்பினால் ஜாக்கி. மறுபடி கவிழ்த்து அங்கேயே வைப்பேன்.

"மணி பன்னெண்டு. பொங்கல் பாத்திரம் வந்தாச்சு. 'கழுகு வந்துடுச்சு டோய்!'" கட்டின்மேல் ஒரு தட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாக நான்கு சீட்டைத் திருப்பினால், நான்கும் ஜாக்கி.

நடந்தது என்ன?

விசிறியாகக் காட்டும்போதே, கடைசி ஜாக்கிக்குப் பின்னால், என் பக்கமாக, மூன்று சாதாரணச் சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்க்கும்போது அந்த மூன்றும் மேலே வந்துவிடும், அவற்றுக்குக் கீழே நான்கு ஜாக்கிகள். அடிவாரத்துக்கும் மண்டபத்துக்கும் போனவர்கள் ஜாக்கிகளே இல்லை. நாலு சிநேகிதர்களும் உச்சியிலேயே இருந்தார்கள்.

செய்து பார்க்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, மூன்றாவது சீட்டை ரொம்ப மேலே சொருகினால் ஜாக்கிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், கதை கந்தல். இரண்டு, ஒரே கூட்டத்தில் இரண்டாம் முறை செய்யாதீர்கள். முடிவு தெரிந்துவிட்டால் கண் கதையை விட்டுக் கைக்கு வந்துவிடும்.

கதை எதற்கு?

கதையில்லாமல் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். "முதல் சீட்டை அடியில் வைக்கிறேன், இரண்டாவதை நடுவில் வைக்கிறேன்" என்று சொன்னால் மூன்றாவதற்குள் யாராவது ஒரு வாண்டு "அதைத் திருப்பிக் காட்டு" என்று கேட்டுவிடும். கதையோடு செய்தால் யாரும் கேட்பதில்லை. பசித்துப் போகிறவனைப் பிடித்து நிறுத்தி 'நீ யார், முகத்தைக் காட்டு' என்று யார் கேட்பார்கள்? ஊர்ப் பெரியவர்கள் என்றால் இன்னும் சுலபம். கழுகு என்றதும் மனசு மலைக்குப் போய்விடும்.

தெருவில் மோடி மஸ்தான் செய்ததும் இதுதான். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்பார். கீரி கயிற்றில் கட்டியிருக்கும், பாம்பு கூடையில் இருக்கும். சண்டை இதோ, இதோ என்று நாம் காத்திருக்கும்போது தாயத்து விற்றுத் தீர்ந்துவிடும். சண்டையைப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கவனம் என்பது டார்ச் வெளிச்சம் மாதிரி. ஒரு இடத்தில் விழுந்தால் மற்ற இடம் இருட்டு. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலர் பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற வீடியோ. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நடந்து வந்து, மார்பைத் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் கண்ணிலோ மூளையிலோ கோளாறு இல்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வித்தையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் நாலாவது சீட்டு. அது ஒன்றுதான் உண்மை. அதைக் காட்டியதும், காட்டாத மூன்றுக்கும் சேர்த்துச் சாட்சி ஆகிவிடுகிறது. பிறகு கேட்டுப் பாருங்கள், "நாலு ஜாக்கியும் உள்ளே போறதை என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

ஆராய்ச்சிப் புத்தி சும்மா இருக்காதே, இடையில் ஒன்று. ஒருக்கல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து கல்லில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் சீட்டில் சொல்கிற கிளாவர், ஆட்டின் இரண்டும் டச்சு வார்த்தைகள்தான். கிளாவர் ஜாக்கியை மண்டபத்துக்கு அனுப்பும்போதெல்லாம் எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

மாமாவின் கதை

மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு நாள் சாயங்காலம் அவர் போனுக்கு ஒரு மெசேஜ். போன மாத கரண்ட் பில் பதிவாகவில்லை, இரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிப்போம், இந்த எண்ணுக்குப் பேசவும். பேசினார். எதிர்முனையில் மரியாதையான குரல். "சார், ஒரு ஆப் போட்டு பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, பதிவாயிடும்." போட்ட ஆப், மாமாவின் திரையை அவனுக்குக் காட்டுகிற ஆப். மாமாவின் கவனமெல்லாம் ஒன்பதரை மணிமேல். வீட்டில் அத்தைக்கு உடம்பு சரியில்லை, ஃபேன் நின்றால் என்ன செய்வது? அவர் பத்து ரூபாய் கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் ஓடிபியைப் படித்து 48,000 ரூபாயை எடுத்துவிட்டான்.

மாமா இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் பத்து ரூபாயில் ஏமாந்தார் என்று ஊர் சிரிக்குமே என்று கூச்சம். தெரிந்த பிறகு வீட்டிலும் "படிச்ச மனுஷன் இப்படியா?" என்றார்கள். அதற்கப்புறம் அவர் போனைத் தொடுவதே இல்லை, யாரோடும் சரியாகப் பேச்சும் இல்லை.

அப்போதுதான் கட்டோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். வித்தையைச் செய்தேன். பிறகு மெதுவாகப் பிரித்துக் காட்டினேன். "நான் கதையை ஆரம்பிக்கும்போதே வேலை முடிஞ்சிடுச்சு மாமா. நீங்க கதையைக் கேட்டீங்க. கேட்டது தப்பில்ல."

மாமா கட்டை வாங்கி, ஏழு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: "அவன் என் சர்வீஸ் நம்பரைச் சரியாச் சொன்னான்டா. அதான் நம்பிட்டேன்."

அவனுடைய நாலாவது சீட்டு அது.

பணம் திரும்பி வரவில்லை. இந்த மாதிரி நடந்தால் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும். பணம் கைமாறி வெளியே போவதற்குள் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கு ஓட ஓட அது குறையும். மாமாவுக்கு அந்த இரண்டு நாளைத் தின்றது திருடன் இல்லை, கூச்சம். அதனால் உங்கள் வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டு வந்து நின்றால், "எப்படி ஏமாந்தே?" என்று கேட்பதற்கு முன்னால் போனை எடுங்கள்.

மாமா இப்போது வாக்கிங் கூட்டாளிகளிடம் இந்த வித்தையைச் செய்து காட்டுகிறாராம். செய்துவிட்டு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறார், கூடவே அந்த 48,000 ரூபாய்க் கதையையும். மூன்றாவது சீட்டை நான் கொஞ்சம் மேலே சொருகுகிறேன் என்று எனக்கே திருத்தமும் சொன்னார்.