'ஒன்லி' எதை விலக்குகிறது?

இன்றைய திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது ஸ்ரீ சிட்டி. அங்கே தமிழரும் தெலுங்கரும் அருகருகே பணிபுரிகின்றனர். "எங்கே இருக்கிறீர்?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் வினவினால், "ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்று நம்மவர் விடையிறுப்பதுண்டு. தமிழர் நெஞ்சில் இருப்பது 'இங்கேதான்'. தெலுங்கர் நெஞ்சில் இருப்பது 'இக்கடே'. ஆங்கிலேயர் செவியிலோ, 'இங்கு மட்டும் இருக்கிறேன். வேறெங்கும் இல்லை' என்று அது ஒலிக்கும்.

இதன் காரணத்தை நம் இலக்கணமே விளக்குகிறது. தொல்காப்பியரும் நன்னூலாரும் ஏகாரத்திற்குக் கூறும் பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. தேற்றம் உறுதி கூறுவது; பிரிநிலை ஒன்றைப் பிறவற்றினின்று பிரிப்பது. 'தான்' என்னும் சொல்லும் இவ்விரு பணிகளையும் செய்கிறது. ஆங்கில 'ஒன்லி'யோ பெரும்பாலும் பிரிநிலைக்கே உரியது.

அது நிற்கும் இடமும் கவனிக்கத் தக்கது. தமிழில் 'மட்டும்' தான் வரையறுக்கும் சொல்லுக்குப் பின்னே வரும். 'ஒன்லி' பெரும்பாலும் முன்னே வரும். 'பயிற்சி பெற்றவர் மட்டும் இப்பொறியை இயக்கலாம்' என்பது பிறரைத் தடுக்கிறது. 'பயிற்சி பெற்றவர் இப்பொறியை மட்டும் இயக்கலாம்' என்பது பிற பொறிகளைத் தடுக்கிறது. ஆலை அறிவிப்பை மொழிபெயர்ப்பவர் இதில் தவறினால் ஒருவர் கையே போய்விடக் கூடும். காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி 'மட்டும்' என முடிப்பதும், அதன்பின் எவரும் எதையும் சேர்க்காதிருக்கும் பொருட்டே.

சட்டத்தில் இச்சொல்லின் நிறை இன்னும் மிகுதி. அரசு நடத்தும் அல்லது அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களில் சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்பது அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவின் கருத்து. செண்பகம் துரைராஜன் வழக்கில், சாதியன்றி வேறு காரணமில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரலில் சென்னை அரசின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றது. அவ்வாண்டே முதலாவது திருத்தம் 15(4)ஆம் பிரிவைச் சேர்த்து, பிற்பட்ட வகுப்பாருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுத்தது.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழரும் இதை அறிதல் நன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதற்காக மட்டும் அத்தகைய கல்லூரி ஒரு பிள்ளையைத் திருப்பியனுப்ப இயலாது. ஆனால் ஆந்திரத்தில் 371-டி பிரிவின் வழி வந்த உள்ளூர் மாணவர் முன்னுரிமை, படித்த இடத்தையும் வசித்த காலத்தையும் பொறுத்தது. அது மொழியின் வேறான காரணம். ஆதலின் பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களையும் வசிப்பிடச் சான்றையும் ஒழுங்காகப் பேணி வைப்பது பெற்றோர் கடமை.

இனி 'ஒன்லி'யைக் காணுந்தோறும் ஒரு வினா எழுப்புவோம்: இங்கே விலக்கப்படுவது எது? விடை கிடைத்தபின், தமிழில் 'மட்டும்' எச்சொல்லின் பின்னே நிற்க வேண்டும் என்பது தானே விளங்கும். விலக்கப்படுவது ஒன்றுமில்லையாயின், ஆங்கிலத்தில் அச்சொல்லே வேண்டுவதில்லை.