ஹார்லம் வாசற்படி

1958 ஆகஸ்ட் 12, காலை பத்து மணி. நியூயார்க்கில் ஹார்லம் பகுதியின் 126ஆவது தெருவில், 17ஆம் எண் வீட்டு வாசலுக்கு ஜாஸ் கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். இரவெல்லாம் கிளப்புகளில் வாசித்துவிட்டு விடிகிற நேரத்தில் படுக்கப் போகிறவர்களுக்குக் காலை பத்து மணி என்பது நடுநிசி மாதிரி. ஆனாலும் வந்தார்கள்.

'எஸ்கொயர்' பத்திரிகைக்காக எல்லோரையும் ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஆர்ட் கேன். கலை இயக்குநராக இருந்து, புகைப்படத் துறைக்குள் அப்போதுதான் காலடி வைத்திருந்தார். கூட்டத்தை வரிசையில் நிறுத்துவதற்குள் அவருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. வெகுநாள் கழித்துப் பார்த்துக்கொண்ட நண்பர்கள் பேச்சை நிறுத்தினால்தானே! கால் ஓய்ந்துபோன இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவரையொட்டித் தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பியானோக் கலைஞர் வில்லி ஸ்மித் பக்கத்து வாசற்படியில் இளைப்பாறப் போனதால் தேர்வான படத்தில் அவர் இல்லை. இருப்பவர்கள் 57 பேர். 1959 ஜனவரி இதழில் படம் வெளியானது.

பிரபலங்களின் எண்ணிக்கை அந்தப் படத்தின் பெருமையில் ஒரு பகுதிதான். ஒரு கலையின் பாட்டனும் பேரனும் அதில் சேர்ந்து நிற்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். டெனர் சாக்ஸபோனைத் தனித்து நிற்கும் வாத்தியமாக உயர்த்திய கோல்மன் ஹாக்கின்ஸ் 1904இல் பிறந்தவர். அதே வாத்தியத்தை வாசித்த சோனி ரோலின்ஸுக்கு அன்று வயது 27. ஹார்லமில் வளர்ந்த ரோலின்ஸ், சிறுவனாக இருந்தபோது ஹாக்கின்ஸின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தவர். 1963இல் இருவரும் சேர்ந்து ஓர் இசைத்தட்டே வெளியிட்டார்கள்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஜாஸின் உயிர்நாடி எளிதில் பிடிபடும். மனோதர்மம்தான் அது. மெட்டின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, வாசிப்பவர் அந்தக் கணத்தில் கற்பனை செய்துகொண்டே போகிறார். அதனால் ஒரு மெட்டு ஒவ்வொரு கையிலும் புதிதாகப் பிறக்கிறது. மூத்தவர்களை ஜாஸ் நினைவில் வைத்திருப்பதும் இந்த வழியில்தான்.

டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் 1956இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 25. அவருடைய நண்பரும், ஹார்லம் படத்தில் நிற்பவருமான பென்னி கோல்சன், அந்தத் துக்கத்தை 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்' என்ற மெட்டாக்கினார். அதை 1957இல் டிரம்பெட்டில் பதிவு செய்த லீ மார்கனுக்கு அப்போது 18 வயது! இறந்தவரின் வாத்தியத்திலேயே இறந்தவருக்கு அஞ்சலி. பிரவுனை நேரில் கேட்டிராத எத்தனையோ பேர் இன்றும் அந்த மெட்டை வாசிக்கிறார்கள்.

தட்டைத் தொப்பியோடு படத்தில் நிற்கும் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங், படம் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகாமல், 1959 மார்ச்சில் மறைந்தார். அவருடைய தொப்பியின் பெயரிலேயே ஒரு விடைகொடுக்கும் மெட்டை அமைத்து அதே ஆண்டில் பதிவு செய்தார் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

ரோலின்ஸின் கதை வேறு மாதிரியானது. புகழின் உச்சியில், 1959இல், மேடையை விட்டு விலகினார். தன் வாசிப்பு தனக்கே போதவில்லை என்று நினைத்தார். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய், ரயிலும் படகும் இரைய, மணிக்கணக்கில் சாதகம் செய்தார். பனிக்காலத்திலும் நிறுத்தவில்லை. இரண்டாண்டு கழித்துத் திரும்பியவரின் அடுத்த இசைத்தட்டுக்குப் பெயர் 'தி பிரிட்ஜ்'. 1960களின் பிற்பகுதியில் மும்பையின் பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகம் பயின்றதும் இதே தேடலின் தொடர்ச்சிதான். எல்லோரும் போற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி மாணவனாக உட்கார்ந்த அந்தத் துணிவை அவர் விட்டுச்செல்லும் சொத்துகளில் முதலாவதாக வைக்கலாம்.

ஸ்பீல்பெர்க்கின் 'தி டெர்மினல்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஹார்லம் புகைப்படம் நினைவிருக்கும். அதில் வரும் மனிதர் நியூயார்க்குக்கு வருவதே, புகைப்படத்தில் உள்ளவர்களிடம் மறைந்த தந்தை சேர்த்த கையெழுத்துகளில் விடுபட்டுப்போன ஒன்றை வாங்கத்தான். அது பென்னி கோல்சனின் கையெழுத்து. கோல்சன் தம் சொந்த வேடத்திலேயே அதில் தோன்றி வாசிக்கிறார். அவர் 2024 செப்டம்பரில், 95ஆவது வயதில் காலமானபோது 57 பேரில் ரோலின்ஸ் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார்.

நுரையீரல் நோயால் 2012க்குப் பிறகு ரோலின்ஸ் மேடையில் வாசிக்கவில்லை. அவருடைய குறிப்பேடுகளும் சாதக ஒலிநாடாக்களும் 2017இல் ஷோம்பர்க் ஆய்வு மையத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த மையம் இருப்பதும் ஹார்லமில்தான், 135ஆவது தெருவில்; படம் எடுத்த வாசற்படியிலிருந்து ஒன்பது தெரு தள்ளி.